மழைக்காலத்தில் மரச்சாமான்களை ஓதத்திலிருந்து காப்பது எப்படி

ஐப்பசி பிறந்து பத்து நாள் ஆவதற்குள் எங்கள் வீட்டு எழுதுமேசையின் நடு இழுப்பறை திறக்க மறுக்கும். தை பிறந்த பின் யாரும் தொடாமலேயே வழிக்கு வந்துவிடும். அப்பளம் நமுத்துப் போவதற்கும் உப்பு ஜாடி கசிவதற்கும் முன்பே, காற்றில் ஈரம் ஏறிவிட்டதை எனக்குச் சொல்வது அந்த இழுப்பறைதான். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காலை நேர ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்பது வழக்கம். கூரை ஒழுகாத வீட்டிலும், ஒரு சொட்டு மழைநீர் உள்ளே வராத அடுக்குமாடிக் குடியிருப்பிலும் கட்டிலும் பீரோவும் மேசையும் இந்த மூன்று மாதங்களில் ஈரத்தைக் குடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

மரம் அறுபட்டு நாற்காலியாகி எத்தனை ஆண்டுகள் ஆனாலும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்குவதையும் திருப்பிக் கொடுப்பதையும் நிறுத்துவதில்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக நீடித்தால் மரத்துக்குள் இருக்கும் நீர் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காடாக இருக்கும். காற்று 80 விழுக்காட்டுக்குப் போனால் அது 16 ஆகும். 90 விழுக்காட்டில் 20 வரை ஏறும். அந்த 20 என்ற எல்லையைத் தாண்டிய மரத்தைத்தான் உளுக்க வைக்கும் பூஞ்சைகள் தேடி வருகின்றன. மேற்பரப்பில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பூசணத்துக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை.

ஈரம் ஏறும்போது மரம் நீளவாக்கில் கண்ணுக்குத் தெரியும்படி வளர்வதில்லை, அகலவாக்கில்தான் உப்புகிறது. மற்ற மரங்களோடு ஒப்பிட்டால் தேக்கு அடக்கமான மரம். அதிலேயே 20 செ.மீ. உயரமுள்ள ஓர் இழுப்பறை முகப்புப் பலகை, உள்ளீரம் 10 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காட்டுக்கு ஏறும்போது, அறுத்த வாக்கைப் பொறுத்து 1 முதல் 2 மி.மீ. வரை பருக்கும். தச்சர் இழுப்பறைக்கு விடும் இடைவெளியே பெரும்பாலும் அவ்வளவுதான். எந்தப் பாலிஷும் எந்த மருந்தும் இந்த ஏற்ற இறக்கத்தை முற்றாக நிறுத்திவிடாது. நம்மால் ஆவது, ஈரம் மெதுவாகவும் எல்லாப் பக்கமும் சமமாகவும் ஏறும்படி செய்வதும், ஏறிய ஈரம் இறங்கிப்போக வழி விட்டு வைப்பதும்தான். கீழே சொல்லப்போகும் வேலைகள் யாவும் அதற்காகவே.

முதலில் சுவரைப் பாருங்கள்

மரச்சாமானில் பூசணம் கண்டதும் எல்லோரும் மரத்தைத்தான் துடைக்கிறார்கள். பல வீடுகளில் குற்றவாளி பின்னால் நிற்கும் சுவர். வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும்போது வடக்கு, கிழக்குப் பக்கத்து வெளிச்சுவர்கள் நனைகின்றன. குளியலறையோடு பங்கு போடும் சுவர் ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருக்கக்கூடும். தரைத்தளத்தில், குறிப்பாகப் பழைய வீடுகளில், நிலத்தடி ஈரம் செங்கல் வழியே மேலேறி, முழங்கால் உயரம் வரை சுவரில் உப்புப் பூக்கச் செய்து பெயின்ட்டை உரித்துவிடும். இந்த மூன்று வகைச் சுவர்களை ஒட்டியும் மர அலமாரியையோ கட்டிலின் தலைமாட்டையோ வைக்காமல் இருப்பது, எந்த இரசாயனத்தையும் வாங்காமல் செய்யக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு. வேறு இடம் இல்லையென்றால் சுவருக்கும் சாமானுக்கும் இடையே குறைந்தது நான்கு விரற்கடை இடைவெளி விட வேண்டும். கை நுழைந்தால் காற்றும் நுழையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுவர் உண்மையிலேயே ஓதம் ஏறியதுதானா என்று ஐயம் இருந்தால் ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஓர் அடி அகலமும் நீளமும் உள்ள தெளிவான பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் நாடாவால் இடைவெளியின்றி ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறத்தில், அதாவது சுவரைப் பார்த்த பக்கத்தில், நீர்த்துளிகள் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குழாய்க் கசிவையோ வெளிப்பூச்சு விரிசலையோ சரிசெய்யாமல் மரத்தை மட்டும் காப்பாற்ற முடியாது. அறையைப் பார்த்த பக்கத்தில் துளிகள் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். காற்றோட்டத்தைக் கவனித்தால் போதும். ஓதச் சுவரை ஒட்டிய சாமானின் பின்புறத்தில் மண் கோடு போல ஏதேனும் ஏறியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். கரையான் ஈரம் இல்லாத இடத்துக்கு எளிதில் வருவதில்லை.

கால்கள்

புயலையும் வெள்ளத்தையும்விட மரச்சாமான்களுக்குக் கூடுதல் தீங்கு செய்வது நாள்தோறும் வீடு துடைக்கும் வாளித் தண்ணீர் என்பது என் கருத்து. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். கால்களின் அடிப்பகுதியில் பாலிஷ் இருக்காது. அரை அங்குல உயரத்துக்குக் கறுத்திருக்கும். நகத்தால் கீறினால் மரம் நார் நாராகப் பெயரவும் கூடும். மரத்தின் குறுக்கு வெட்டு முகம் என்பது நெருக்கமாகக் கட்டிவைத்த நுண்குழாய்களின் வாய். பலகையின் அகன்ற முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக அது நீரை உறிஞ்சும். எந்த முகத்துக்கு மிகுதியான பாதுகாப்பு வேண்டுமோ, அந்த முகத்தைத்தான் பாலிஷ் போடுபவர்கள் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அது யார் கண்ணிலும் படாது.

இதற்கு ஒரு பிற்பகல் ஒதுக்கினால் போதும். மழை தொடங்குவதற்கு முன், செப்டம்பருக்குள், நாற்காலிகளையும் சிறு மேசைகளையும் கவிழ்த்து, கால் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, வார்னிஷை மூன்று பூச்சுகள் கொடுக்க வேண்டும். முதல் பூச்சை மரம் அப்படியே குடித்துவிடும். இரண்டாவதும் மூன்றாவதும்தான் மேலே படலமாக நிற்கும். பிறகு ஒவ்வொரு காலிலும் ஆணியோடு வரும் நைலான் குமிழ் ஒன்றை அடித்துவிட்டால் மரம் தரையைத் தொடாமல் சில மி.மீ. உயர்ந்து நிற்கும். கால் முழுவதையும் கவ்விக்கொள்ளும் ரப்பர் உறைகளை நான் பரிந்துரைப்பதில்லை. துடைக்கும்போது உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றி, கால் ஒரு கிண்ணத்துக்குள் நிற்பது போல ஆகிவிடுகிறது.

கிண்ணம் என்றதும் இன்னொன்று. எறும்பு ஏறாமல் இருக்கச் சமையலறை அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தும் பழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலமாக இருக்கிறது. இரும்பு அலமாரியானாலும் மர அலமாரியானாலும் அது கால்களை மெல்லக் கொல்லும் ஏற்பாடு. கிண்ணத்துக்கு நடுவே நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும்படி ஒரு கருங்கல் துண்டை வைத்து, அதன் மேல் காலை நிறுத்தினால் எறும்பும் வராது, காலும் நனையாது.

பூச்சு: கண்ணுக்குத் தெரியாத பக்கமும் பக்கம்தான்

மேசைப் பலகையின் மேற்புறம் கண்ணாடி போலப் பளபளக்கும். அடிப்புறத்தைத் தடவினால் வெறும் மரம் சொரசொரக்கும். மழைக்காலத்தில் அடிப்புறம் வேகமாக ஈரம் குடித்து உப்ப, மேற்புறம் உப்பாமல் நிற்க, பலகை வளைந்துவிடுகிறது. புதிதாக மேசையோ கதவோ செய்யச் சொல்லும்போது, அடிப்புறத்துக்கும் பின்புறத்துக்கும் மேற்புறத்துக்குக் கொடுத்த அதே பூச்சை அதே எண்ணிக்கையில் கொடுக்கும்படி முன்பே பேசிக்கொள்ளுங்கள். கூலி சற்றே கூடும். அதில் பேரம் பேச வேண்டாம்.

எந்தப் பூச்சு என்பதில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. மெழுகும் எண்ணெயும் மரத்தைப் பார்வைக்கு உயிரோட்டமாக்குகின்றன. ஆனால் காற்றில் உள்ள நீராவியைத் தடுப்பதில் இரண்டும் பலவீனமானவை. ஆளிவிதை எண்ணெய் பூசிய மரத்தில் ஈரக் காற்றுப் பட்டால் பூசணம் இன்னும் எளிதாகப் பிடிக்கும். தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைக்கும் பழக்கமும் நல்லதல்ல. அது காய்ந்து படலமாகாத எண்ணெய். தூசியைப் பிடித்துவைத்து நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். அரக்கைச் சாராயத்தில் கரைத்துச் செய்யும் பழைய பிரெஞ்சு பாலிஷ் நீராவியை ஓரளவு நன்றாகவே தாங்கும். ஆனால் அதன் மேல் நீர் தேங்கினால் வெளுத்துவிடும். சாப்பாட்டு மேசைக்கும் சமையலறைக்கும் பாலியூரித்தேன் பூச்சுதான் பொருத்தம்.

பாலிஷ் வேலையை மாசி முதல் சித்திரைக்குள் முடித்துக்கொள்வது நல்லது. தீபாவளிக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஐப்பசியில் பாலிஷ் போடுபவர்கள்தான் அதிகம். ஈரக் காற்றில் பிரெஞ்சு பாலிஷும், விரைவில் காயும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சான என்.சி. லாக்கரும் காயும்போது காற்றின் ஈரம் படலத்துக்குள் சிக்கிக்கொண்டு, பால் தெளித்தாற்போல் வெளுத்த மூட்டம் நின்றுவிடும். அதோடு, ஏற்கெனவே மரத்தில் ஏறியிருக்கும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

பிளைவுட், பார்ட்டிக்கிள் போர்டு

இன்றைய வீடுகளில் முழு மரத்தைவிடப் பலகை வகைகளே அதிகம். பிளைவுட் வாங்கும்போது எம்.ஆர். என்ற முத்திரையைப் பார்த்து, நீருக்கு அஞ்சாதது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். காற்றின் ஈரத்தைத் தாங்கும் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. படுக்கையறை அலமாரிக்கு அது போதும். சமையலறைத் தொட்டியின் கீழே போதாது. அங்கே இந்தியத் தர நிர்ணயம் 710-இன் கீழ் வரும் பி.டபிள்யூ.பி. வகைதான் வேண்டும். அதன் ஒட்டுப்பசை 72 மணி நேரம் கொதிநீரில் பிரியாமல் தாங்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் சோதனை.

மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டில் என் அனுபவம் கசப்பானது. பிள்ளைக்கென்று வாங்கிய படிப்பு மேசையை, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டாம் மழைக்காலத்தில் அதன் பக்கப் பலகைகளின் அடி, ஊறவைத்த ரொட்டி போல உப்பி, ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டையைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. மேலே ஒட்டியிருந்த லேமினேட்டுக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. நீர் நுழைந்தது அடி விளிம்பு வழியாக. இவ்வகைப் பலகை ஒருமுறை உப்பினால் காய்ந்த பின்னும் பழைய கனத்துக்குத் திரும்பாது. எனவே, வாங்கும்போதே எல்லா விளிம்புகளிலும், தரையைத் தொடும் அடி விளிம்பிலும்கூட, பட்டை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஒட்டாத விளிம்புகளிலும், தச்சரோ குழாய்க்காரரோ குழாய்க்காக வெட்டிய துளைகளின் உள்விளிம்பிலும் சிலிக்கான் பசையை விரலால் இழுத்துப் பூசிவிட்டால் அந்தச் சாமானின் ஆயுள் சில ஆண்டுகளாவது கூடும். தொட்டிக்குக் கீழே மாதம் ஒருமுறை டார்ச் அடித்து, குழாய் இணைப்புகளைக் காகித நாப்கினால் தொட்டுப் பார்ப்பதும் இதே வேலையின் பகுதி. கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காகிதம் காட்டிவிடும்.

அறைக் காற்று

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அலமாரி இருக்கும் அறையில் வையுங்கள். 50 முதல் 65 விழுக்காடு வரை காட்டினால் கவலையில்லை. 75 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் ஏதாவது செய்தாக வேண்டும்.

சன்னல்களை எப்போதும் திறந்துவைப்பது தீர்வாகாது; மழை நாளின் விடியற்காலையில் திறந்தால் வெளியிலுள்ள ஈரமே உள்ளே வரும். மழை விட்ட நாளில் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை சன்னல்களையும் அலமாரிக் கதவுகளையும் ஒருசேரத் திறந்து, மின்விசிறியைச் சுழலவிடுங்கள். அடைமழை நாட்களில் குளிரூட்டியை உலர் நிலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் அறை ஈரம் நன்றாகக் குறையும். படுக்கையறையில் கொடி கட்டித் துணி உலர்த்துவதை மட்டும் எப்படியாவது தவிர்க்கப் பாருங்கள். இயந்திரத்தில் பிழிந்து எடுத்த ஒரு சுற்றுத் துணியிலும் இரண்டு லிட்டர் அளவுக்கு நீர் இருக்கும். அது போவதற்கு அந்த அறையின் காற்றையும் பீரோவையும் தவிர வேறு இடமில்லை.

அலமாரிக்குள் ஈரம் உறிஞ்ச எதை வைப்பது என்று கேட்டால், கற்பூரமும் நாப்தலின் உருண்டையும் அந்த வேலையைச் செய்வதில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். அவை பூச்சியை விரட்டும், வாடையை மறைக்கும், ஈரத்தை உறிஞ்சாது. கல் உப்பு உறிஞ்சும், ஆனால் காற்றின் ஈரம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டிய பிறகுதான். அப்போது அது கரைந்து வழியும் என்பதால் ஆழமான கிண்ணத்தில், கீலுக்கும் பூட்டுக்கும் எட்டாத மூலையில் வைக்க வேண்டும். கடைகளில் டப்பாவாக விற்கும் கால்சியம் குளோரைடு அதைவிட வலிமையானது. டப்பாவில் சேரும் நீரை அவ்வப்போது கொட்டிவிட வேண்டும், பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. புடவை அடுக்குகளுக்கு நடுவே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போதும். ஸ்டீல் பீரோவுக்கு அடித்தட்டின் துருதான் பகை. அடியில் கட்டை கொடுத்து உயர்த்தி, பெயின்ட் பெயர்ந்த இடங்களைக் கோடையிலேயே தேய்த்துப் பூசிவிட்டால் சரி.

ஈரம் ஏறிவிட்டால்

இழுப்பறையோ கதவோ இறுகிவிட்டதென்று மழைக்காலத்தில் இழைப்புளி பிடிக்கச் சொல்லாதீர்கள். இப்போது இழைத்துச் சரிசெய்தால் பங்குனியில் மரம் சுருங்கி, விரல் நுழையும் சந்து நிற்கும். உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியையோ உலர்ந்த சோப்புக் கட்டியையோ அழுத்தித் தேய்த்தால் பெரும்பாலும் போதும். அதிலும் அசையாவிட்டால் தை வரை பொறுத்திருந்து, அப்போதும் இறுகினால் மட்டும் தச்சரை அழையுங்கள்.

பூசணத்தை வீட்டுக்குள் உலர்ந்த துணியால் தட்டினால் அதன் விதைத்தூள் அறை முழுவதும் பரவும். முகக்கவசம் அணிந்து, முடிந்தால் சாமானை வராந்தாவுக்குக் கொண்டுவந்து, சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். பூச்சில்லாத மரமானால் வெள்ளை வினிகரைத் தெளித்து ஒரு மணி நேரம் விட்டுத் துடைக்கலாம். பிளீச்சிங் கரைசல் மரத்துக்குள் இறங்காமல் நிறத்தை மட்டும் கெடுக்கும். அதை வினிகரோடு கலப்பது நச்சு வாயுவை உண்டாக்கும். பிரெஞ்சு பாலிஷ் போட்ட சாமானில் சானிட்டைசரையோ ஸ்பிரிட்டையோ பயன்படுத்தினால் பூசணத்தோடு பாலிஷும் கரைந்து வந்துவிடும். பிரம்பு நாற்காலிகளை மென்மையான தூரிகையால் தேய்த்து, இளவெயிலில் காட்டினால் போதும். உச்சி வெயில் எந்தச் சாமானுக்கும் ஆகாது. வேகமாகக் காயும் மரம் வெடிக்கும்.

சூடான டபராவோ குளிர்ந்த தம்ளரோ விட்டுப்போன வளையம் வெண்மையாக இருந்தால் ஈரம் பாலிஷ் படலத்தோடு நின்றுவிட்டது என்று பொருள். தடித்த பருத்தித் துணியை மடித்துப் போட்டு, மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில விநாடிகள் வைத்து எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று முறையில் மங்கிவிடும். வளையம் கறுப்பாக இருந்தால் நீர் மரத்தையே அடைந்துவிட்டது, தேய்த்து மீண்டும் பாலிஷ் போடுவதைத் தவிர வழியில்லை. இரும்பு ஆணிகளைச் சுற்றித் தெரியும் கறுப்புக் கறையும் ஈரத்தின் வேலையே. கடலோரத்தில் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைக் கேட்டு வாங்குவது அதனால்தான்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தரைத்தள வீடுகளில் நீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு அடுத்த எச்சரிக்கை வரும்போது என்ன செய்வதென்ற கேள்வி இருக்கும். சாமான்களைச் செங்கல் மேல் ஏற்றும்போது செங்கலுக்கும் காலுக்கும் இடையே பாலிதீன் தாளை மடித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் செங்கலே நீரை உறிஞ்சி மேலே கொடுக்கும். மூழ்கிய மரச்சாமானை முதலில் நல்ல தண்ணீரால் சேறு போகக் கழுவி, நிழலில் மின்விசிறிக் காற்றில் வைத்து, வாரக்கணக்கில் பொறுமையாகக் காயவிட வேண்டும். உப்பிச் சிக்கிய இழுப்பறையை முன்னாலிருந்து இழுத்தால் முகப்பு பெயர்ந்துவிடும். பின்தட்டின் திருகாணிகளைக் கழற்றிவிட்டு, பின்னாலிருந்து தள்ளி எடுங்கள். முழுத் தேக்குச் சாமான் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மூழ்கிய பார்ட்டிக்கிள் போர்டில் மீண்டும் பணம் போட வேண்டாம். உள்ளீரம் இறங்கிவிட்டதா என்பதை ஊசிமுனை ஈரமானி வைத்திருக்கும் தச்சரிடம் அளந்து பார்த்து, 12, 13 விழுக்காட்டுக்கு வந்த பிறகே பாலிஷ் பேச்சை எடுக்கலாம்.

எங்கள் மேசையின் நடு இழுப்பறையை இதுவரை யாரையும் இழைக்க விடவில்லை. புரட்டாசி முடிவதற்குள் அதற்கு மெழுகு தேய்த்துவிடுகிறேன்; பாஸ்போர்ட்டையும் காசோலைப் புத்தகத்தையும் மேல் இழுப்பறைக்கு மாற்றிவிடுகிறேன்.